எழுத்துக்குழுவில் சேர்ந்தால் எழுத வருமா? புதிதாக எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒன்பது வருடமாக ஒரு சிறிய எழுத்துக்குழுவில் இருக்கிறேன். மொத்தம் பதினோரு பேர். ஆளுக்கொரு ஊர், ஆளுக்கொரு வேலை. இணையத்தில்தான் சந்தித்து, ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்லிக்கொள்கிறோம். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் மாதத்தில் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதும்போது அவசரத்தில் முக்கியமானது விட்டுப்போகிறது. அதனால் ஒருமுறை நிதானமாக எழுதி வைக்கிறேன்.

எழுதுவது தனியாக உட்கார்ந்து செய்கிற வேலை. அதற்கு எதற்குக் குழு?

எழுதுவது தனியாகத்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் எழுதியவர் தன் எழுத்தைப் புதிதாக வாசிக்கவே முடியாது. சிக்கல் அங்கேதான். உங்கள் கதையில் ஒரு மாடிப்படி வருகிறது என்று வையுங்கள். உங்கள் மனத்தில் அது இருட்டாக இருக்கிறது, மூன்றாவது படி ஆடுகிறது, கைப்பிடி கிடையாது. தாளில் 'மாடிப்படி ஏறினான்' என்று மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் படி ஆடும். இன்னொருவருக்கு ஆடாது. அது ஆடவில்லை என்று உங்களுக்குச் சொல்ல அந்த இன்னொருவர் வேண்டும்.

இது இணையம் வந்த பிறகு தோன்றிய யோசனையும் அல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக வாங்கிக்கொண்டாலும் ஒருவருக்குக் கால் பங்கு புலமைதான் வரும். உடன் பயில்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கும், தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வரும். குழுவில் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் காட்டுவேன். முக்கால் பங்கு நம் கையில் இருக்கிறது.

அந்த அரைப் பங்கு விஷயம் என் அனுபவத்தில் முழு உண்மை. என் கதைகளுக்கு மற்றவர்கள் சொன்ன கருத்துகளில் நிறையக் கற்றிருக்கிறேன். அதைவிட அதிகமாகக் கற்றது, அடுத்தவர் கதையைப் படித்துவிட்டு 'இது எனக்கு ஏன் பிடிக்கவில்லை' என்று விளக்கத் தெரியாமல் அரைமணி நேரம் விழித்த நாட்களில்.

சேர்ந்த அன்றைக்கே என் கதையைப் போட்டுவிடலாமா?

வேண்டாம். இரண்டு மூன்று வாரம் படியுங்கள். யார் எப்படி எழுதுகிறார்கள், யார் எதைக் கவனிக்கிறார்கள் என்று பிடிபடட்டும். ஒருவர் காலக்குழப்பத்தை உடனே கண்டுபிடிப்பார். இன்னொருவரின் காது உரையாடலில்தான் இருக்கும். மூன்றாமவர் எல்லாவற்றையும் புகழ்வார். இது தெரிந்த பிறகு உங்களுக்கு வருகிற கருத்தை எடைபோடுவது எளிது.

அதற்குள் குறைந்தது மூன்று படைப்புகளுக்காவது கருத்து எழுதிவிடுங்கள். பல குழுக்களில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். அறிவியல் புனைகதை எழுதுகிறவர்களுக்காக 1995இல் தொடங்கிய கிரிட்டர்ஸ் என்ற இணையப் பட்டறையில், அடுத்தவர் எழுத்துக்குத் தொடர்ந்து கருத்து எழுதினால்தான் உங்கள் எழுத்துக்கு முறை வரும். கறாரான விதிபோலத் தெரியும். ஆனால் இது இல்லாத குழுக்களில் எல்லோரும் போடுவார்கள், யாரும் படிக்க மாட்டார்கள்.

எனக்கே இன்னும் எழுத வரவில்லை. அடுத்தவர் கதையில் நான் என்ன சொல்வது?

என்னிடம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

கருத்துச் சொல்வது என்றால் தீர்ப்புச் சொல்வது என்று நினைத்துக்கொள்கிறோம். அதனால்தான் பயம் வருகிறது. தீர்ப்பு வேண்டாம். படிக்கும்போது உங்களுக்கு என்ன ஆனது என்று மட்டும் சொல்லுங்கள். எந்த வரியில் கவனம் சிதறி போனை எடுத்தீர்கள்? எந்த இடத்தில் திரும்பி மேலே போய்ப் படிக்க வேண்டியிருந்தது? எங்கே உண்மையாகவே நின்றுபோனீர்கள்? இதற்குப் புலமை தேவையில்லை. கவனமும் நேர்மையும் போதும். நீங்கள் சொல்வதை யாரும் மறுக்கவும் முடியாது. 'இந்தப் பத்தி மோசம்' என்றால் வாதம் வரும். 'இந்தப் பத்தியில் எனக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை' என்றால் என்ன வாதம் செய்ய?

ஓர் உதாரணம். எங்கள் குழுவில் ஒருவர் எழுதிய கதை, தம்பியை இழந்த ஒரு பெண்ணைப் பற்றியது. அதன் முதல் வரைவு இப்படித் தொடங்கியது: 'தம்பியின் பிரிவு அவளை மிகவும் வாட்டியது. தாங்க முடியாத துயரத்தில் இரவெல்லாம் தூங்காமல் அழுதாள்.'

சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத ஒருவர் எழுதிய கருத்து ஏறக்குறைய இது: 'முதல் பத்தியில் அவள் அழுகிறாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, மன்னிக்கவும். நான்காவது பத்தியில் தம்பியின் சைக்கிள் பூட்டுக்கு மூன்று எண் உண்டு, அது அவளுக்கும் தெரியும் என்று ஒரு வரி வருகிறது. அங்கே நின்றுவிட்டேன். கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.'

இந்தக் கருத்தில் இலக்கணமோ கோட்பாடோ எதுவும் இல்லை. ஆனால் எழுதியவருக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த வரைவில் அழுகை போய்விட்டது. கதை இப்படித் தொடங்கியது: 'அந்தப் பூட்டின் மூன்று எண்களும் தெரிந்தவர்கள் வீட்டில் இரண்டு பேர். இப்போது அவள் மட்டும்.'

அதை எழுதியவர் கற்றுக்கொண்டார், சரி. கருத்துச் சொன்ன புதியவர் அதைவிட அதிகமாகக் கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். துயரம் என்ற சொல் துயரத்தைக் கொண்டுவராது, ஒரு பூட்டு கொண்டுவரும் என்பதை அவர் யாரும் சொல்லாமலே, தன் வாசிப்பிலேயே கண்டுபிடித்தார். அடுத்த மாதம் அவர் போட்ட சொந்தக் கதையில் 'மிகவும்' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை.

'அருமை', 'சூப்பர்' என்று மட்டும் எழுதினால் தவறா?

தவறில்லை. எழுதியவருக்கு அன்றைக்கு உற்சாகமாக இருக்கும். ஆனால் அதை வைத்துக்கொண்டு அவர் அடுத்த கதையை எழுத முடியாது. அருமை என்றால் எது அருமை என்று ஒரு வரி சேருங்கள். பாராட்டிலும் துல்லியம் வேண்டும். எது வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால், திருத்தும்போது எழுதியவர் அதையே வெட்டிவிடுவார். இப்படி நல்ல வரிகள் காணாமல் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கருத்துப் பரிமாறிக்கொள்வதற்கென்று ஏதாவது முறை இருக்கிறதா, மனத்தில் பட்டதைச் சொல்ல வேண்டியதுதானா?

முறைகள் இருக்கின்றன. பலரும் அறிந்த இரண்டைச் சொல்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் டேமன் நைட் முதலானோர் 1956இல் தொடங்கிய மில்ஃபோர்ட் பட்டறையில் உருவானது. 1968இல் தொடங்கிய கிளாரியன் பட்டறையும் இதையே எடுத்துக்கொண்டது. எல்லோரும் படைப்பை முன்கூட்டியே படித்து வருவார்கள். வட்டமாக உட்கார்ந்து ஒருவர்பின் ஒருவராகச் சில நிமிடம் பேசுவார்கள். எழுதியவர் அதுவரை வாய் திறக்கக் கூடாது. கடைசியில்தான் அவருக்கு முறை. இதன் பலன், எழுதியவர் குறுக்கே புகுந்து 'இல்லை, நான் சொல்ல வந்தது என்னவென்றால்' என்று விளக்க முடியாது. பிறகு புத்தகமாக வரும்போது வாசகர் பக்கத்தில் உட்கார்ந்து நாம் விளக்கப்போவதில்லையே. அதற்கு இது நல்ல பழக்கம். குறை என்னவென்றால், பத்துப் பேர் வரிசையாகத் தாக்குவதை வாய்மூடிக் கேட்பது எல்லோருக்கும் தாங்காது.

இரண்டாவது, லிஸ் லெர்மன் என்ற நடன அமைப்பாளர் 1990இல் வகுத்த முறை. நடனத்துக்காக உருவாக்கியது, எழுத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. நான்கு படிகள். முதலில் பார்த்தவர்கள் தங்களுக்கு எது முக்கியமாகப் பட்டது, எது மனத்தில் நின்றது என்று சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் கேள்வி கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் கேள்வி கேட்பார்கள். ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்துவைக்கக் கூடாது. 'ஏன் இவ்வளவு நீளம்?' என்பது கேள்வி அல்ல, புகார். 'இந்தக் காட்சிக்கு இவ்வளவு இடம் கொடுத்தபோது என்ன நினைத்தீர்கள்?' என்பதுதான் கேள்வி. நான்காவதாக, 'இதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, சொல்லலாமா?' என்று அனுமதி கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

எங்கள் குழுவில் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறோம். எழுதியவர் முதல் இரண்டு நாள் பதில் எழுதுவதில்லை. புதியவர்களின் படைப்புக்கு மட்டும் லெர்மன் முறை. அந்த மூன்றாவது படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. புகாரைக் கேள்வியாக மாற்றி எழுதிப் பாருங்கள், பாதிப் புகார்கள் நம்முடைய அவசரத்தால் வந்தவை என்று தெரிந்துபோகும்.

எந்த நிலையில் இருக்கும் படைப்பைப் போடுவது? பாதியில் நிற்பதைப் போடலாமா?

நீங்களே இனி என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிற வரைவைப் போடுங்கள். நேற்று இரவு எழுதி முடித்த சூட்டோடு போட்டால், நீங்களே கண்டுபிடித்திருக்கக்கூடிய பிழைகளை மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொல்வார்கள். அவர்கள் நேரமும் வீண், உங்களுக்கும் புதிதாக ஒன்றும் கிடைக்காது. அதேபோல இனி ஒரு சொல்லையும் மாற்ற மாட்டேன் என்று முடிவு செய்துவிட்டதையும் போடாதீர்கள். அதற்கு வேண்டியது பாராட்டுதான், கருத்து அல்ல.

போடுவதற்கு முன் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். முடிந்தால் போனையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இயந்திரக் குரலுக்கு உங்கள் மேல் பாசம் கிடையாது. விட்டுப்போன சொல், ஒரே பத்தியில் நான்கு முறை வரும் 'அப்போது', மூச்சு முட்டும் நீள வாக்கியம் எல்லாம் காதில் விழுந்துவிடும்.

படைப்போடு ஒன்றிரண்டு கேள்விகளையும் சேர்த்துப் போடுங்கள். 'எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் 'நன்றாக இருக்கிறது' என்றுதான் வரும். 'அம்மாவுக்கு உண்மை தெரியும் என்பது எந்த இடத்தில் உங்களுக்குப் புரிந்தது?' என்று கேளுங்கள். ஏழு பேர் ஏழு இடத்தைக் காட்டினால் அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இந்தக் குழப்பம் வராதவர் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு ரயில் பயணக் கதை எழுதியிருந்தேன். ஒருவர் 'நடுவில் வேகம் குறைகிறது, இரண்டு பக்கம் வெட்டுங்கள்' என்றார். இன்னொருவர் 'அண்ணன் பாத்திரமே தேவையில்லை' என்றார். மூன்றாமவர் 'ஃபிளாஷ்பேக்கை முதலிலேயே கொண்டுவாருங்கள்' என்றார். மூன்றையும் செய்தால் என் கதை என் கதையாக இருக்காது. இரண்டு நாள் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். மூன்று பேரும் சொன்ன மருந்து வேறு வேறு. ஆனால் வலிக்கிற இடம் ஒன்றுதான்: நான்காம் பக்கம். அங்கே போய்ப் பார்த்தால், அந்தப் பக்கத்தில் முரளி, முகுந்தன் என்று இரண்டு பேர் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் வருகிறார்கள். இருவரில் யார் அண்ணன், யார் நண்பன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் சொல்ல மறந்துவிட்டேன். படித்தவர்கள் அங்கே வழிதவறியிருக்கிறார்கள். ஒருவருக்கு அது சலிப்பாகத் தெரிந்தது, ஒருவருக்குத் தேவையற்ற பாத்திரமாக, இன்னொருவருக்குத் தவறான வரிசையாக. முகுந்தனை ஜோசப் ஆக்கி ஒரு வரி அறிமுகம் சேர்த்தேன். மூன்று புகாரும் போயின. ஒரு பக்கமும் வெட்டவில்லை.

அன்றிலிருந்து கருத்துகளைப் படிக்கும்போது 'என்ன செய்யச் சொல்கிறார்' என்பதை இரண்டாவதாகத்தான் பார்ப்பேன். 'எந்த இடத்தைக் காட்டுகிறார்' என்பதே முதலில். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே நிச்சயம் ஏதோ இருக்கிறது. ஒருவர் மட்டும் காட்டினால் அது அவருடைய ருசியாக இருக்கலாம். அவர் எப்போதும் கூர்மையாகப் படிப்பவர் என்றால் ஒருவர் சொன்னாலும் போதும். என்ன மாற்றுவது என்ற முடிவை மட்டும் யாரிடமும் விடாதீர்கள். அது எழுதியவருடைய வேலை.

விமர்சனத்தைக் கேட்டால் மனம் உடைந்துவிடுகிறது. எப்படித் தாங்குவது?

நான் முதலில் சேர்ந்தது இந்தக் குழுவில் அல்ல. நூற்றுக்கணக்கானோர் இருந்த ஒரு பெரிய குழு. என் முதல் கதைக்கு ஒருவர் எழுதிய பதில் ஒற்றை வரி: 'இதையெல்லாம் எழுதுவதற்கு முன்னால் நாலு நல்ல கதை படித்திருக்கலாம்.' அதற்குக் கீழே இருபது பேர் சிரிக்கும் முகம் போட்டிருந்தார்கள். ஏழு மாதம் ஒரு வரி எழுதவில்லை. அந்த வாக்கியம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

பிறகு யோசித்ததில் புரிந்தது, அந்த வரி என் கதையைப் பற்றியதே அல்ல. கதையில் எந்த இடம், எந்தச் சொல், எந்தப் பாத்திரம் என்று எதுவுமே அதில் இல்லை. அது என்னைப் பற்றியது. எழுத்தைப் பற்றிய கருத்து எவ்வளவு கடுமையாக இருந்தாலும் கையில் பிடித்து வேலை செய்ய ஏதாவது இருக்கும். ஆளைப் பற்றிய கருத்தில் எதுவும் இருக்காது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதி வலி குறையும். மீதிப் பாதி இருக்கத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை.

நடைமுறையில் நான் செய்வது: கருத்து வந்ததும் 'படித்ததற்கு நன்றி' என்று மட்டும் எழுதுவேன். அன்றைக்கு வேறெதுவும் எழுத மாட்டேன். மறுநாள் எல்லாக் கருத்துகளையும் ஒரு நோட்டில் என் சொந்த வார்த்தையில் எழுதிக்கொள்வேன். 'கதாநாயகி செயற்கையாக இருக்கிறாள்' என்று அவர் எழுதியதை, 'மாலா கோபப்படும் காரணம் அவருக்குத் தெரியவில்லை' என்று நான் எழுதும்போது, அடி வாங்கிய உணர்வு போய் வேலைக் குறிப்பாக மாறிவிடுகிறது.

புதியவர் படைப்பில் கருத்து எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவர் தன் முதல் எழுத்தைக் காட்டுவது சின்ன விஷயம் அல்ல. நீங்கள் எழுதும் ஒரு வரி ஏழு மாதத்தைத் தின்றுவிடக்கூடும். தயவுசெய்து யோசித்து எழுதுங்கள்.

சந்திப்பிழை, எழுத்துப்பிழை எல்லாம் குழுவில் திருத்திக் கொடுப்பார்களா?

சிலர் கொடுப்பார்கள். ஆனால் முதல் வரைவில் அதைக் கேட்காதீர்கள். நாளை வெட்டப்போகிற பத்தியில் ஒற்றுப் போட்டு என்ன பயன்? கதையின் வடிவம் நின்ற பிறகு கடைசிச் சுற்றில் கேளுங்கள்.

கேட்டதை அப்படியே மாற்றிவிட்டுப் போகாமல், ஏன் என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'வேலை செய்தான்' என்பதில் ஒற்று வராது, 'வேலையைச் செய்தான்' என்பதில் வரும். இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும் என்ற ஒரே விதி தெரிந்தால், கட்டுரைக்குப் பத்துப் பதினைந்து பிழை குறையும். ஒற்று வெறும் அலங்காரமும் அல்ல. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. 'தந்தப் பலகை' என்றால் யானைத் தந்தத்தில் செய்த பலகை. எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஒருவர் ஒவ்வொரு மாதமும் ஒரு விதியை மட்டும் எடுத்து, எங்கள் வரைவுகளிலிருந்தே உதாரணம் காட்டி விளக்குவார். பள்ளியில் பயந்து படித்த இலக்கணத்தை அவரிடம்தான் ஆசையாகப் படித்தேன்.

பேச்சுவழக்கில் எழுதினால் புரியவில்லை என்கிறார்கள். மாற்றிவிடவா?

வேறு வட்டாரத்தவர் குழுவில் இருப்பதன் பெரிய லாபமே இதுதான். உங்கள் வழக்கில் எந்தச் சொல் உங்கள் பக்கத்துக்கு மட்டும் உரியது என்பது உங்களுக்கே தெரியாது, அவர்கள் சொன்னால்தான் தெரியும். தெரிந்தபிறகு மாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை. அந்தச் சொல் வரும் வாக்கியத்திலேயே பொருள் புலப்படும்படி செய்தால் போதும். சொல்லை எடுத்துவிட்டால் பேசுகிற ஆளே போய்விடுவார்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒரே பாத்திரம் ஒரு வரியில் 'வந்துட்டான்' என்றும் அடுத்த வரியில் 'வந்துவிட்டான்' என்றும் பேசக் கூடாது. எழுதும்போது நமக்குத் தெரியாது, படிப்பவர் கண்ணில் உடனே படும்.

தினமும் எழுத உட்கார முடியவில்லை. அதற்குக் குழு உதவுமா?

நிறைய உதவும். 1999இல் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் 21 பேர் சேர்ந்து, ஒரே மாதத்தில் ஆளுக்கு 50,000 சொல் கொண்ட நாவல் எழுதுவது என்று விளையாட்டாகத் தொடங்கினார்கள். நானோரைமோ என்று பெயர் பெற்று, பின்னாளில் ஒவ்வொரு நவம்பரிலும் உலகமெங்கும் லட்சக்கணக்கானோர் எழுதும் வழக்கமாக அது மாறியது. நடத்திய அமைப்பு 2025இல் மூடுவதாக அறிவித்துவிட்டது. ஆனால் அந்த யோசனை நிற்கிறது: நாள் ஒன்றுக்குச் சுமார் 1,667 சொல், நன்றாக இருக்கிறதா என்று பார்க்காமல் எழுதிக்கொண்டே போவது, கூட எழுதுகிறவர்களிடம் தினமும் கணக்குச் சொல்வது.

1,667 வேலைக்குப் போகிறவர்களுக்கு அதிகம். நாங்கள் 250 என்று வைத்திருக்கிறோம். வாரத்தில் மூன்று நாள் இரவு வீடியோவில் இணைவோம். கேமரா இருக்கும், ஒலி இருக்காது. நாற்பது நிமிடம் ஒருவரும் பேசாமல் எழுதிவிட்டுக் கலைவோம். அந்தப் பக்கம் ஒருவர் தலை குனிந்து எழுதுவதைப் பார்த்தால் நமக்கும் கை ஓடுகிறது. காரணம் என்னவோ, பலன் நிச்சயம்.

ஏஐ செயலியிடம் காட்டினால் நொடியில் கருத்துச் சொல்கிறதே. ஆட்கள் எதற்கு?

பிழை பார்க்க, ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடிக்க அது உதவும். தமிழில் ஒற்றுப் பிழையில் அது தவறுவதையும் பார்க்கிறேன், அதனால் சரிபாருங்கள். என் தயக்கம் வேறு. ஓர் ஆளுக்குச் சலிப்பு வரும், கண் கலங்கும், பாதியில் எழுந்து போகத் தோன்றும். அந்தச் செய்திதான் எனக்கு வேண்டும். இன்னொன்று, நன்னூல் சொன்ன அந்த அரைப் பங்கு. இயந்திரத்திடம் காட்டுகிறவர் கருத்தைப் பெறுகிறார், யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்துப் பழகும்போது வருகிற கல்வி அவருக்குக் கிடைக்காமலே போகிறது.

என் கதையை யாராவது திருடிவிட்டால்?

எழுதி ஒரு வடிவம் பெற்ற உடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1886இல் ஏற்பட்ட பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் இதற்குப் பதிவு செய்ய வேண்டிய அவசியமில்லை. உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் இருக்கின்றன. காக்கப்படுவது எழுதிய விதம்தான், கரு அல்ல. 'இரட்டையர் இடம் மாறும் கதை' என்ற எண்ணத்துக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது.

தேதியோடு கூடிய வரைவுகளை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், தகராறு வந்தால் காட்ட உதவும். ஒன்பது வருடத்தில் எங்கள் குழுவில் இது நடந்ததில்லை.

குழுவில் போட்டதைப் பத்திரிகைக்கோ போட்டிக்கோ அனுப்பலாமா?

இதில் கவனம் தேவை. திருட்டைவிட இதில்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். பல இதழ்களும் போட்டிகளும் 'இதுவரை எங்கும் வெளிவராத படைப்பு' என்று கேட்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கும்படி பொதுவெளியில் போட்டுவிட்டால், அவர்களில் பலர் அதை வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள். உறுப்பினர்கள் மட்டும் பார்க்கும் மூடிய குழுவில் கருத்துக்காகப் பகிர்ந்ததைப் பொதுவாக அப்படிக் கொள்வதில்லை. ஆனாலும் இதழுக்கு இதழ் விதி மாறும். அனுப்புவதற்கு முன் அவர்கள் விதிமுறையை ஒரு வரி விடாமல் படியுங்கள்.

கவிதை எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். ஆனால் கவிதையில் 'புரியவில்லை' என்ற கருத்தை மட்டும் கொஞ்சம் ஒதுக்கிவைக்கலாம். எந்தச் சொல் காதில் நின்றது, எந்த வரிமுறிவில் தடுக்கியது என்று கேளுங்கள்.

நல்ல குழு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கடைசியாக வந்த பத்துப் படைப்புகளைத் திறந்து பாருங்கள். கீழே எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதைவிட என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். குறிப்பிட்ட வரியை எடுத்துப் பேசுகிறார்களா? ஒரே கதையின் இரண்டாவது, மூன்றாவது வரைவுகள் வருகின்றனவா? திருத்தி எழுதும் பழக்கம் இருக்கும் இடத்தில்தான் கற்க முடியும். ஒருவரே எல்லாவற்றுக்கும் இறுதித் தீர்ப்புச் சொல்கிறார், மற்றவர்கள் ஆமாம் போடுகிறார்கள் என்றால் நகர்ந்துவிடுங்கள். சேர்ந்தவுடன் புத்தகம் போட்டுத் தருகிறோம், இவ்வளவு பணம் கட்டுங்கள் என்றாலும் நகர்ந்துவிடுங்கள்.

அளவு சிறிதாக இருப்பது நல்லது. எட்டுப் பேர் மாதம் ஆளுக்கு 1,500 சொல் போட்டாலே படிக்க 12,000 சொல் ஆகிவிடுகிறது. அக்கறையோடு படிக்க அதுவே நிறைய.

எவ்வளவு நாள் குழுவில் இருப்பது? எப்போது விலகலாம்?

கருத்து வருவதற்கு முன்பே 'இவர் இதைச் சொல்வார், அவர் அதைச் சொல்வார்' என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால், அவர்கள் குரல்கள் உங்களுக்குள் வந்துவிட்டன என்று பொருள். அப்போது போகலாம். அவர்களுக்குப் பிடிக்குமா என்று பார்த்து நீங்கள் எழுதத் தொடங்கினால் அதற்கு முன்பே போக வேண்டும். கொஞ்ச நாள் விலகி இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு. சொல்லிவிட்டுப் போனால் போதும்.

எங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் இப்படிப் போனார்கள். ஒருவருக்கு இரண்டு நாவல் வந்துவிட்டது. இன்றைக்கும் புதிதாக ஒன்றை எழுதி முடித்தால் முதல் வரைவை எங்களுக்கு அனுப்புகிறார். நாங்களும் படித்துவிட்டு, எந்தப் பக்கத்தில் போனை எடுத்தோம் என்று எழுதி அனுப்புகிறோம்.